தவறுப் பலகையில் முதல் வரி

மார்ச் 3, திங்கள்
இன்றிலிருந்து சலவைக்கூடத்துக்கு நான்தான் சூப்பர்வைசர். காலையில் வீட்டுக்காரர் ஒரு சிவப்பு மஃப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டு, "இனிமே உன்னைத் தூரத்துல பார்த்தே எல்லாரும் ஒதுங்கிக்குவாங்க" என்றார். கிண்டல்தான். ஆனாலும் கண்ணாடி முன்னால் இரண்டு முறை போய் நின்றேன்.

முதல் வேலையாகக் கரும்பலகை ஒன்றை மாட்டி, 'தவறு செய்தவர் தாமே எழுதவும்' என்று தலைப்பிட்டேன்.

"எழுதினா என்ன பண்ணுவீங்க?" என்றாள் இஸ்திரி அக்கா.

"முதல்ல எழுதுங்க, அப்புறம் தெரியும்."

மார்ச் 7, வெள்ளி
பலகை காலி. ஐந்து நாளாக யாரும் ஒரு தவறும் செய்யவில்லை. நிர்வாகம் என்றால் இதுதான்.

மார்ச் 11, செவ்வாய்
ஐயோ.

விடுதிக்காரரின் நூற்றிருபது வெள்ளை விரிப்புகள். வண்டி வரும் நேரம். வேகம் என்றால் என்ன என்று காட்ட நானே அள்ளி அள்ளிப் போட்டேன். பெரிய மெஷினை ஓட்டும் மௌனி ஏதோ சொல்ல வாயெடுத்தார். (மாதத்துக்கு நாலு வார்த்தை பேசுபவர் என்பதால் அந்தப் பெயர்.) "பேச்சு அப்புறம், கதவைச் சாத்துங்க" என்றேன்.

வெளியே வந்தது முழுக்க ரோஜா நிறம். மௌனி தள்ளுவண்டி எடுக்கப் போன நேரத்தில் உள்ளே கையை விட்டேன். என் மஃப்ளர். வியர்த்தபோது கழற்றிக் குவியல்மேல் வைத்திருக்கிறேன். யாரும் பார்ப்பதற்குள் பைக்குள் திணித்தேன்.

முதலாளி வந்து, "யார் மெஷின்?" என்றார்.

"மௌனியோடது."

பொய் இல்லையே? அவருடைய மெஷின்தானே?

"வெள்ளிக்கிழமையோட அவரை நிறுத்திடலாம்" என்றார் முதலாளி.

மார்ச் 12, புதன்
"மஃப்ளர் எங்கே?" என்றார் வீட்டுக்காரர். ஆபீஸில் என்றேன். அது அலமாரியில் பழைய போர்வைக்கு அடியில் கிடக்கிறது. கொலை செய்தவர்கள்கூட இத்தனை மடிப்பு மடித்து ஒளிக்க மாட்டார்கள்.

மார்ச் 13, வியாழன்
சாப்பாட்டு வேளையில் மௌனி தனியாக விரிப்புகளை வெளுத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடலையா?"

"இன்னும் பன்னெண்டு இருக்கு மேடம்."

அவ்வளவுதான். என்னைத் திட்டியாவது தொலைக்கக் கூடாதா இந்த மனுஷன்? நாளைக்கு வேலை போகப்போகுது, இன்னைக்கு என் கறையை வெளுத்துட்டிருக்கார். நீயெல்லாம் என்னடி சூப்பர்வைசர்? வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி
வெளிறிப்போன மஃப்ளரைக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனேன். பலகையில் எழுதினேன்: 'நூற்றிருபது விரிப்புகள். மஃப்ளர் என்னுடையது. மறைத்தவளும் நானே. – சூப்பர்வைசர்.' சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

முதலாளி பலகையைப் படித்தார், என் கழுத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் படித்தார்.

"அவர் இருக்கட்டும். உங்களைப் பத்தி மாசக் கடைசியில பேசுவோம்."

மௌனியிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வீடு வரைக்கும் யோசித்தேன்.

மார்ச் 17, திங்கள்
பலகையில் இடமில்லை. இஸ்திரி அக்கா, மூன்று தலையணை உறையைக் கருக்கியதாம், ஜனவரியில். வண்டி ஓட்டுநர், ஒரு மூட்டையை வேறு விடுதியில் இறக்கியதாம், இரண்டு தடவை. அடியில் நான் பார்த்தேயிராத குண்டுக் கையெழுத்து: 'மஃப்ளர் உள்ளே போனதைப் பார்த்தேன். சொல்ல வந்தேன். மேடத்துக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டேன்.'

அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

மார்ச் 31, திங்கள்
"இன்னும் ஒரு மாசம் பார்ப்போம்" என்றார் முதலாளி. சரி.

மௌனி இப்போது வாயைத் திறந்தால் மூடுவதில்லை. சோப்புத்தூள் அதிகம் என்கிறார், பெல்ட் தேய்ந்துவிட்டது என்கிறார், என் கையெழுத்து புரியவில்லை என்கிறார். மூன்றும் உண்மை. இன்று மெஷின் கதவைச் சாத்தப் போனேன். "மேடம், ஒரு நிமிஷம்" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

என் கழுத்தைப் பார்த்தார். மஃப்ளரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன்.