அப்பப்பாவின் பெயரில் ஓடிய கார்

லா சப்பல், பாரிஸ்
12.10.2016

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மருமகனும் மொன்றியலில் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் வெளியில் போகாதே.

அப்பாவின் கடைசிக் கார்ப் பந்தய ஓட்டத்தில் உன் பரிசு அவருக்குப் பிடித்ததா என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டாய், அவர் பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது ரூ காய் கடைத்தெருவுக்கு மீன் வாங்கப் போயிருக்கிறார், ஆறுதலாக எழுதுகிறேன். நீ பிறக்க முதலே தொடங்கிய ஓட்டம் அது. கிழமை முழுக்க ஸ்தேனில் இருக்கும் கராஜில் மற்றவர்களின் காரைத் திருத்துவார், ஞாயிறு வந்தால் பிக்கார்டிப் பக்கம் ஏதாவது ஊரில் மண் வளையத்தில் தன்னுடைய காரை இடிபட விடுவார். நான் றோல்ஸ் பொரித்துக்கொண்டு வருவேன், நீ காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் இருப்பாய். வென்ற கோப்பைகளைவிட நெளிந்த கதவுகள்தான் கூட. ஓட வேண்டாம் என்று காலமெல்லாம் சண்டை பிடித்தவள் நான், இன்றைக்கு அந்தப் புழுதியும் பெற்றோல் மணமும் இல்லாமல் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

அந்தப் பந்தயத் திடலில் அவரைச் சிவமணி என்றால் ஒருவருக்கும் தெரியாது. அகதி மனுவில் அப்பப்பா தம்பிமுத்துவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவானதால், அறிவிப்பாளர் ழாக் ஒலிபெருக்கியில் எப்போதும் தொம்பிமுத்தூ, தொம்பிமுத்தூ என்றுதான் கத்துவார். ஊரில் வாடகைக் கார் ஓட்டிய தம்பிமுத்து மாமா முப்பது மைல் வேகத்தைத் தாண்டாத மனிதர், அவருடைய பெயர் இப்படிப் பறக்கிறதே என்று நாங்கள் சிரிப்போம். கடைசி நாளிலாவது அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லட்டும் என்று நீ ழாக்குக்கு எழுதியிருக்கிறாய், அதுதானே உன் பரிசு. அவரும் அழகாகச் சொன்னார் பிள்ளை. கௌரவிக்கக் கூப்பிட்டார், சனம் எழும்பிக் கைதட்டியது, உன் அப்பாவும் காரில் சாய்ந்துகொண்டு யாருக்கோ என்று கைதட்டினார். நான் ஓடிப் போய், உங்களைத்தான் கூப்பிடுகினம் என்று உலுக்கினேன், என்னையோ என்றார். பிறகு மேடையில் ஏறி ழாக்கின் காதில் ஏதோ சொன்னார். ழாக் சிரித்துவிட்டுப் பழையபடி தொம்பிமுத்தூ என்று கத்தினார், அப்போதுதான் அவர் கையை உயர்த்தினார்.

2009இல் மாமா செத்த கிழமை, ஊருக்கும் போக முடியாமல், செத்தவீட்டுத் துடக்கோடு ஓடப் போனார் என்று நானும் நீயும் அவரை ஏசினோமே, நினைவிருக்கிறதா. இந்தக் கடைசி ஓட்டம் முடிந்து வீடு திரும்பும்போது அவரே சொன்னார், ஐயாவின்ரை பேரைச் சத்தமாக் கூப்பிட்ட இடம் அது ஒண்டுதான், அதைக் கேக்கத்தான் போனனான் என்று.

உன் பரிசில் குறையில்லை, மனதைப் போட்டு வருத்தாதே. இப்போது ஞாயிறு காலையில் வெறுமனே யன்னலடியில் இருக்கிறார். நீ தொலைபேசி எடுக்கும்போது அப்பா என்று தொடங்காதே, ழாக் மாதிரி அந்தப் பெயரை ஒருதரம் உரக்கக் கூப்பிடு. இனி அதைக் கூப்பிட வேறு ஆளில்லை.

பிள்ளையார் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா பூரணி