சாஸ்தா கோயிலில் கேட்ட கடன் அட்டை

தூத்துக்குடி,
ஜூலை 6, ஞாயிறு.

அன்புள்ள வடிவுக்கு,

நம் குலசாமி முன்னால் நின்று பொய் சொல்லிவிட்டேன். ஐம்பத்துமூன்று வயதில், திருநீறு பூசிக்கொண்டு, வேட்டி மடித்துக் கட்டியபடி. இதைப் போனில் சொல்ல முடியாது. நீ பேசும்போது மாப்பிள்ளை, செல்வி, பிறந்த பிள்ளை எல்லாரும் ஸ்பீக்கரில் கேட்கிறார்கள். அதனால் நீ இருக்கிற மஸ்கட்டுக்கே திரும்பும் காயல்பட்டினம் அஃப்ஸலிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருந்து படி.

இங்கே நானும் சின்னவள் வேல்விழியும் சுகம். காற்று காதைப் பிய்க்கிறது. துவைத்த துணி பக்கத்து வீட்டு மாடியில்தான் காய்கிறது. எனக்கு மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் பழைய துறைமுகம் வரை நடை, தோணியில் வெங்காய மூட்டை ஏற்றுவதை வேடிக்கை பார்ப்பது, திரும்பி வருவது, மறுபடி நடப்பது. நான் தொப்பையைக் குறைக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அந்த நல்ல பெயரை நான் கெடுக்கவில்லை.

விஷயம் இதுதான். என் கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் நிற்கிறது. உன் விமான டிக்கெட், செல்வியின் வளைகாப்பு வளையல், மாப்பிள்ளை வீட்டாருக்கு எடுத்த பட்டு. எல்லாம் ஆபீஸ் போனஸ் என்று உன்னிடம் சொன்னேன். எங்கள் சரக்கு கிளியரிங் ஆபீஸில் போனஸ் என்ற சொல்லைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் வட்டி மட்டும் போகிறது.

இப்போது வேறொரு வங்கி புதுக் கார்டு தருகிறது. பழைய பாக்கியை அதற்கு மாற்றிக்கொண்டால் ஒன்பது மாதம் வட்டியே இல்லை. சலுகை இந்த மாதக் கடைசி வரைதான். உடனே விண்ணப்பிக்கலாம் என்று விரலை நீட்டினேன். பக்கத்து மேஜை கிருபை என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். நாசரேத்காரர், எதையும் மூன்று முறை யோசிப்பவர். புதுக் கார்டு கேட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்று பார்க்கிற சிபில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கும், மகளின் படிப்புக் கடனுக்கு வங்கிக்காரன் தகப்பன் மதிப்பெண்ணைப் பார்க்கிற நேரத்தில் இது தேவையா என்று கேட்டார்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். பெங்களூரில் வேல்விழிக்குக் கிடைத்த எம்.பி.ஏ. இடத்துக்கு இருபத்தைந்தாம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். ஒன்பது லட்சம் கடன் இன்னும் கைக்கு வரவில்லை. கார்டை முன்னால் கேட்டால் அவள் படிப்பு போய்விடுமோ என்று பயம். பின்னால் கேட்கலாம் என்றால், படிப்புக் கடன் வங்கி இழுத்தடிக்கும், கார்டுச் சலுகை முடிந்துவிடும், வட்டி நம்மைத் தின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் எந்த மதிப்பெண்ணையும் மதிக்காதவன் நான். இப்போது தினம் நாலு தடவை 738 என்ற என் சிபில் எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறேன்.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சாத்தான்குளம் பஸ் ஏறி, நம் சாஸ்தா கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் உடனே விண்ணப்பம், சிவப்பு வந்தால் பொறுத்திரு. பூசாரி பேச்சிமுத்து என்ன காரியம் என்று கேட்டார். கடன் அட்டைக்குச் சாமியைத் தொந்தரவு செய்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மகளுக்கு ஒரு வரன் என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பு வந்தது. மனசு கேட்கவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னேன். வெள்ளை வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது பூசாரி பொட்டலங்களைப் பிரித்துப் போட்டுவிட்டார். “அண்ணாச்சி, சாமிக்கு ஒரு நாக்குதான். உங்களுக்கு மாப்பிள்ளை பிடிக்கலன்னா அதை நேரா சொல்லுங்க” என்றார்.

செய்தி எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் புதன்கிழமை காலை கல்யாணத் தரகர் ராஜதுரை வாசலில். கையில் ஜாதகம், வாயில் உப்பளக்காரர் மகனின் புகழ். பையன் சிகரெட்கூடக் குடிக்கமாட்டான், தண்ணீரே யோசித்துத்தான் குடிப்பான் என்றார். வேல்விழிதான் காபி கொண்டுவந்தாள். சீனி போடவில்லை. ராஜதுரை பாவம், மரியாதைக்கு முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

அவர் செருப்பு மாட்டியதும் அவள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. “படிக்க அனுப்ப இஷ்டமில்லன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்லாப்பா. சாமிகிட்ட போய் எதுக்குக் கேட்டிய?”

கத்தவில்லை, வடிவு. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். கடன் இருப்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். டிக்கெட், வளையல், பட்டு, போனஸ் பொய் எல்லாம். கார்டு கேட்கத்தான் பூப் போட்டேன் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாளாக எனக்குச் சோறு தட்டில் வருகிறது, பேச்சு வரவில்லை.

நீதான் சொல்ல வேண்டும், இப்போது விண்ணப்பிக்கவா, கடன் வந்த பிறகா. ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்பார்களே என்று தயங்காதே. போனில் கத்திரிக்காய் வாங்குங்கள் என்றால் இப்போதே விண்ணப்பிக்கிறேன். வாங்காதீர்கள் என்றால் பொறுக்கிறேன். திட்ட வேண்டும் என்றால் அதற்கும் ஒரு காய்கறி பார்த்துக்கொள். புடலங்காய் இருக்கட்டும்.

செல்விக்கும் பேரனுக்கும் சாஸ்தா துணை இருப்பார். என்மேல் கோபம் இருந்தாலும் குழந்தைமேல் காட்டமாட்டார். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வந்துவிடு. டிக்கெட் எப்படியாவது போட்டுவிடுகிறேன். இந்த வீட்டில் சரி, தப்பு சொல்ல ஆள் இல்லாமல் நான் ரொம்ப நடக்கிறேன்.

உன்,
மந்திரமூர்த்தி

பி.கு.: உறை ஒட்டுவதற்கு முன் வேல்விழி இதை வாங்கிப் படித்தாள். 738 என்ற இடத்தில் புதன்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். உள்ளே போய்ப் படிப்புக் கடன் விண்ணப்பத்தின் நகலை எடுத்துவந்து காட்டினாள். வீடு உன் பேரில் இருப்பதால் அவளோடு சேர்ந்து கடன் கேட்டிருப்பது நீயாம். என் மதிப்பெண்ணை அந்த வங்கியில் யாரும் கேட்கவே இல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ கையெழுத்துப் போட்டபோது பேனா எடுத்துக் கொடுத்தது நான்தானாம்.