அஞ்சலை கடை மஞ்சள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மருந்தறையில் ஒழுக்கு. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு வாந்தி நின்றுவிட்டது. அஞ்சலை விற்ற மஞ்சள்தூளில் துணிச்சாயம் என்று பேச்சு. நான் ஆமாம் என்று எழுதினால் துரை அவளைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் வேலையில் இவ்வளவு காலம்; இப்படி ஒன்று எழுதியதில்லை.

கண்ணாடிக் குழாயில் சாக்குக்கட்டித் தூள் அடைத்து, மேலே மஞ்சள். சாயம் இருந்தால் தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும். பெட்ரோல் ஊற்றினால் நிறம் அசையவில்லை. ஸ்பிரிட் ஊற்றினால் எல்லாம் சேர்ந்து இறங்கிவிடுகிறது. நானே சாயம் கலந்து பார்த்தாலும் அப்படித்தான். ஒன்று போதவில்லை, மற்றது மிஞ்சுகிறது. பெட்ரோலில் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டால்? சாக்குக்கட்டித் தூள் தீர்ந்தது. சாஆ டவுன் சீனர் கடைக்கு மலாய் மொழியில் சீட்டு: கப்பூர், ஒரு பொட்டலம்.

10, செவ்வாய்

வெயில். பொட்டலம் வந்தது. அடைத்து, புதுக் கலவை ஊற்றினேன். மேலே ரத்தச் சிவப்பு! நேற்று இல்லை. ஒளிந்திருந்த சாயத்தைக் கலவை பிரித்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆபீஸ் கிராணி எட்டிப் பார்த்தார்; சிவப்பைக் கண்டுவிட்டார். "அலாமாக்! இன்னும் என்னா யோசனை டிரஸரே? சாயம்தான்னு தொரைகிட்ட நானே சொல்லிடுறேன்."

"இருங்க, இன்னொரு தரம்..."

"நீங்க இன்னொரு தரம் பாக்குறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான் லா."

போய்விட்டார். தடுக்கவில்லை நான்.

11, புதன்

சரியான தூக்கமில்லை. வீட்டு மஞ்சள்கிழங்கை இடித்து அதே கப்பூர்த் தூளில் விட்டேன். அதுவும் சிவப்பு.

ஆரத்தி! மஞ்சளும் சுண்ணாம்பும். மலாயில் சாக்குக்கட்டியும் கப்பூர், வெற்றிலைச் சுண்ணாம்பும் கப்பூர். வந்திருப்பது சுண்ணாம்பு. எந்தக் கப்பூர் என்று நான் எழுதவில்லை.

பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி, அதே கலவை. கிழங்கு மஞ்சள் மெல்ல இறங்கியது. சாயம் கலந்ததில் மஞ்சள் இறங்க, சாயம் மேலேயே நின்றது. ஆக, கலவை சரி. அஞ்சலையுடையது முழுக்க இறங்கியது. மேலே வெள்ளை. மறுபடியும் செய்தேன்; வெள்ளை.

வாந்தி எதனால்? தெரியவில்லை. சாயத்தால் இல்லை.

வெளியே மாட்டுவண்டி. அஞ்சலையின் அம்மியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இறக்குங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"தொரை ஆர்டர்" என்றார் கிராணி.

"தொரைகிட்ட நான் பேசுறேன். அந்தச் செவப்பு என் சுண்ணாம்பு."

அஞ்சலை என்னையே பார்த்தாள். "இப்பவாவது சரியாப் பாத்தீங்களா, ஐயா?"

"பாத்தேம்மா."

துரை திட்டினார். நியாயம்தான். அஞ்சலை தோட்டத்திலேயே இருக்கலாம் என்றார்.

சாயங்காலம் அவள் கடையில் மஞ்சள் கேட்டேன். பொட்டலம் கட்டித் தந்தாள். சில்லறையை என் கையில் தராமல் பலகையில் வைத்தாள்.