வெறும் வட்டங்கள்

பிஸ்கட் டின்னைத் திறந்ததும் அந்துருண்டை வாசம். பூச்சி அரிக்கக்கூடாதென்று உன் அம்மா போட்டிருக்கிறார். உள்ளே நாம் வரைந்த சூரியன்கள். நாளுக்கு ஒரு தாள், ஒரு வட்டம், அதற்குள் கரும்புள்ளிகள்.

"அவன் முழுசா முடிக்கணும்னு சொன்னான்பா. நீயே வெச்சுக்க" என்று சிகாமட் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தார்.

தம்போயில் நாம் ஒன்றாக வேலைசெய்த தொழிற்சாலையின் மதிய இடைவேளை. லோரிகள் நிற்கும் இடத்தில் முக்காலி. அதன்மேல் உன் பழைய பைனாகுலர், ஒரு கண்ணுக்கு மூடி. சூரியனை வெள்ளை அட்டையில் விழவைப்பாய். நான் பென்சிலால் புள்ளிகளைக் குறிப்பேன். கேட்டில் காவலிருக்கும் ஜாகா அண்ணன் கேலி செய்யாமல் விடமாட்டார்.

"என்ன தம்பி, சூரியனுக்கு எக்ஸ்ரேயா?"

"ஆமாண்ணே. ரிசல்ட் வர பதினோரு வருசம் ஆகும்" என்பாய்.

சூரியப் புள்ளிகள் பெருகி அடங்க ஏறக்குறைய அவ்வளவு காலம். ஒரு சுற்றை முழுதாக வரைவது உன் ஆசை. நாம் தொடங்கியபோது சூரியன் அடங்கிக் கிடந்தது. வாரக்கணக்கில் வெறும் வட்டம்.

ஒரு நாள் நல்ல மழை. வானமே தெரியவில்லை. நானாக ஒரு வெறும் வட்டம் போட்டுத் தேதி எழுதினேன். நீ கோபப்பட்டது அன்று மட்டும்தான்.

"டேய், வெறும் வட்டம்னா புள்ளி இல்லன்னு அர்த்தம்டா. நீ பாக்கவே இல்லையே. பாக்கலன்னு எழுது லா!"

பிறகு தணிந்து சொன்னாய். பதினேழாம் நூற்றாண்டில் எழுபது ஆண்டுகள்போலப் புள்ளிகள் அரிதாகிப் போயின. ஐரோப்பாவின் குளிருக்கு அதுவும் காரணமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலக் குறிப்பேடுகளின் சில நாட்களில் சூரியன் சும்மா இருந்ததா, பார்க்க வேண்டியவர் சும்மா இருந்தாரா என்றே தெரியவில்லை.

புள்ளிகள் ஏறத் தொடங்கின. நீ நோயில் படுத்தாய்.

நீ போய்ப் பதினான்கு மாதம். நான் எதுவும் வரையவில்லை. சூரியன் உச்சத்துக்குப் போனது. சூரியப் புயல்களில் எங்கோ வானம் சிவந்தது, எங்கோ சிற்றலை வானொலி அறுந்தது. நீ காத்திருந்த காலம்.

நேற்று, விண்கலப் படங்களைப் பார்த்து, விடுபட்ட நாட்களை நிரப்ப உட்கார்ந்தேன். ஓட்டை தெரியாது. உன் அம்மாவிடம் காட்டலாம். மூன்று தாள் முடித்தேன். நான்காவதில் கை நின்றது. புள்ளிகள் உண்மைதான். நான் பார்த்தேன் என்பதுதான் பொய்.

கிழித்தேன். அந்த மாதங்கள் முழுவதற்கும் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அப்ப முழுசா வராதாப்பா?"

"வராதும்மா. நடுவுல நான் விட்டுட்டேன். இனிமே வரைவேன்."

"சரி, வரைஞ்சத எடுத்துட்டு வா. சாப்டுட்டுப் போலாம்."

இன்று மதியம் முக்காலியை நிறுத்தினேன். கூப்பிடாமலே ஜாகா அண்ணன் வந்து அட்டையைப் பிடித்தார்.

"அலமாக், இவ்வளவு புள்ளியா!"

"கைய ஆட்டாதீங்கண்ணே."

தாளின் அடியில் பார்த்தவர் பெயர் இருக்க வேண்டும் என்பது உன் விதி. அவர் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். மூன்றாவதாக ஒன்று எழுதக் கை போனது. எழுதவில்லை. நீ கோபித்துக்கொள்வாய்.