ஆழிமாறன் கூத்தின் மூன்றாம் பாகத்தை நீக்கும் ஆணையை நிறுத்தி வைக்கும் ஓலை

கடல் உப்புத் தருக. கானற்சோலை நிழல் தருக. நெய்தலங்கோட்டு நாட்டை அறத்தால் ஆளும் ஆதிரைமாதேவியார் திருவுளப்படி, தலைநகர் வெண்கொடி மாடத்தில் விழா ஓலை எழுதும் இளவேட்டன், சங்குத்துறைத் தலைவர் மாறங்காரியாரை வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் துறைக்குக் கலங்கள் பழுதின்றி வந்து சேர்க. தங்கள் சபையில் வழக்குகள் பகையின்றித் தீர்க.

வரும் நிறைமதி நாளில் சபை கூட்டி, ஆழிமாறன் கூத்தின் மூன்றாம் பாகம் நிகழாதது என்று கொண்டு, இரண்டாம் பாகத்தின் முடிவிலிருந்தே நான்காம் பாகத்தைக் கட்டும்படி கூத்தருக்கு உரைக்க வேண்டும் என்னும் ஆணை தங்களுக்கு வந்திருக்கும். மக்கள் கருத்தைக் கேட்டு நான் எழுதி அளித்த ஓலையே அதற்கு அடிப்படை. அந்த ஓலை பிழையானது. அதனினும் பெரிய பிழை, நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வேறோர் ஓலையில் உள்ளது. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் என் அச்சம் எதையாவது விட்டுவிடும்.

ஆழிமாறன் முதல் பாகத்தில் உப்புத் தீவை வென்றதையும் இரண்டாம் பாகத்தில் முடி சூடியதையும் மக்கள் கொண்டாடினர். மூன்றாம் பாகத்தில் பகைக் கலங்களைக் கண்டு அவன் துறையை விட்டு ஓடியதை வெறுத்தனர். சென்ற திங்கள் தங்கள் கடைத்தெருவில் நான் கேட்டதை, கேட்ட சொல்லிலேயே என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

கயிற்று வாணிகர் பொதினன், "மூணாம் பாகத்த யாருய்யா கேட்டா? ரெண்டுக்கு மேல நேரா நாலக் கட்டச் சொல்லு," என்றார். மீன் விற்கும் நக்கண்ணை, "அப்ப அதுல வர்ற அவன் மக மின்னி? அவ பொறக்கவே இல்லியா? பெத்த புள்ளைய இல்லைங்கறதா?" என்று சண்டைக்கு வந்தார். பொதினன், "கூத்துப் புள்ளைதான, அக்கா, அழுவாது," என்றதும் கடைத்தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பின்னர், முடிவுவரை பார்த்தீரா என்று பொதினனைக் கேட்டேன். "எதுக்குப் பாக்கணும்? அதான் ஒங்க ஓலைய எங்க சாவடியில படிச்சாங்களே!" என்றார்.

விழாவில் ஆடப்படும் கூத்தின் கதையைச் சுருக்கி எழுதி ஊர்தோறும் சாவடியில் படிக்கச் செய்வது என் பணி என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மூன்றாம் பாகத்தைப் பற்றி நான் எழுதியது, "மன்னன் ஓடினான், கூத்து முடிந்தது" என்பது. அப்போது நான் மாலைப் பள்ளியில் முதலாண்டு மாணவன். விளக்கு வைத்தபின் வருவோரை அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஆகவே மன்னன் ஓடிய இடத்தில் எழுந்து போய்விட்டேன். மீதியும் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணினேன்.

பொதினனின் சொல் என்னைச் சுட்டது. ஆயினும் என் பிழையை மறைத்து, வேண்டாம் என்போரே மிகுதி என்று அரசியாருக்கு எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம் தவிர வேறு காரணம் இல்லை.

ஆணை புறப்பட்ட மூன்றாம் நாள், மின்னி வேடம் கட்டும் வேய்மொழி எழுத்து மண்டபத்துக்கு வந்தார். வேடம் நீக்கப்பட்டவர் சபை நடுவே சலங்கையைக் கழற்றி வைத்துக் கூத்தைவிட்டே விலக வேண்டும் என்பது கூத்தர் மரபு. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. "ஐயா, கடைசியில மின்னி என்ன செய்வா? எழுதுனவரு நீங்க, சொல்லுங்க," என்றார்.

முடிவை அவரே சொன்னார்:

"மன்னர் ஓடுறாருன்னு நெனச்சுத்தான் பகைக் கப்பலெல்லாம் தொரத்தி வந்து மணல்திட்டுல ஏறும். கரையில வெளக்கக் காட்டி அவருக்கு வழி சொல்றவ நான். ஒங்க ஓலையப் படிச்ச ஊர்ல எல்லாம், அந்த எடம் வர்றதுக்குள்ள மண்ணள்ளி வீசிட்டு எந்திரிச்சுப் போறாங்க. யாரும் இல்லாத தெடல்ல வெளக்கத் தூக்கிக்கிட்டு நின்னுருக்கேன். நீங்களும் பாக்கலியா?"

மறுநாள் காலை அரசியாரிடம் அனைத்தையும் சொன்னேன். அவர் சினக்கவில்லை, சிரித்துவிட்டு, எழுதிய கையே திருத்தட்டும் என்று இலச்சினை மோதிரத்தைத் தந்தார். சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே அரசியார் ஆணையாக உரைப்பது: முன்வந்த ஆணை நிறுத்தப்படுக. நிறைமதி நாளில் மூன்றாம் பாகம் தங்கள் திடலில் நண்பகல் தொடங்கி முழுதும் ஆடப்படுக. எழுந்து போவோரைத் தடுக்க வேண்டா. ஆயினும் முடிவுவரை இருந்தோர் மட்டுமே கருத்துரைக்கலாம். அதற்கு முன் இவ்வோலை ஒரு சொல்லும் விடாமல், என் பெயரோடு, எல்லாச் சாவடியிலும் படிக்கப்படுக.

பார்த்த பின்னும் மக்கள் நீக்கவே சொன்னால், அதுவே ஆணையாகும். இதை வேய்மொழியிடம் சொல்லத் தயங்கினேன். "பாத்துட்டு வேண்டாம்னா கழட்டி வச்சிடறேன். பாக்காம சொல்றதத்தான் தாங்க முடியல," என்றார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று திடலில் மணலில் அமர்ந்து நானும் பார்ப்பேன். கருத்துரைக்கும் உரிமை எனக்கு வேண்டா.

இரட்டைச் சங்கு இலச்சினை இட்டு முடிந்தது. இவ்வாணை நிலைக்க, இதை எழுதினேன் இளவேட்டன்.