மத்தியானப் புகை

சூயஸ் சாலைப் பாலைவனம்,
ரமளான் கடைசிப் பத்து, 1969.

அன்பு மகள் ராவியாவுக்கு வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் ஒரு கடைவாய்ப்பல் தவிர மற்ற எல்லா உறுப்புகளோடும் சுகம். நம் ஊர் தன்தாவில் உம்மாவும் சுகம், குவைத்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாப்பா பீரங்கிப்படையில் சார்ஜென்ட் என்று நீ வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா, அந்தப் பீரங்கிகள் பனைமரம். ஆமாம் கண்ணு, பேரீச்சம்பனை. அடிமரத்தை இழைத்து, முனையில் தகரக் குழாய் செருகி, சாம்பல் பெயிண்ட் அடித்தது உன் வாப்பாதான். இருபது வருஷம் கல்யாணப் பந்தல் போட்டவனைப் பட்டாளம் திரும்பக் கூப்பிட்டால் வேறு எதற்குக் கூப்பிடும்? மேலேயிருந்து பார்க்கிற எதிரி இதை நிஜப் பீரங்கி என்று நம்பி இதன் மேல் குண்டு போட வேண்டும், எங்களுக்குப் பின்னால் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நிஜப் பீரங்கிகள் தப்பிக்க வேண்டும், அதுதான் எங்கள் உத்தியோகம். அங்கே இருப்பது யார் என்று உனக்குத் தெரியும். உன் புருஷன் ஷவ்கியின் படைப்பிரிவு. ஒரு மாதமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை என்று நீ அழுது எழுதியதைப் படித்தேன். அழாதே, முழுக்கப் படி, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஏன் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்பது புரியும். இந்தக் கடிதம் தபாலில் வராது, எங்கள் வண்டி ஓட்டுநரின் மைத்துனன் குவைத்துக்கு விமானம் ஏறுகிறான், அவன் கையில் வரும், படித்ததும் கொளுத்திவிடு.

இங்கே எங்கள் வேலை குடித்தனம் நடத்துவது. ஆள் இருக்கிற முகாம் மாதிரி தெரிய வேண்டும், ஆகவே விடிந்ததும் ஒரு பழைய டயரைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்து வண்டித் தடம் போடுகிறோம், கொடியில் துணி காயப்போடுகிறோம், வலை போட்டுப் பீரங்கியை மறைக்கிறோம், ஆனால் கொஞ்சம் தெரிகிற மாதிரி மறைக்கிறோம். முழுக்க மறைப்பது சுலபம், அரைகுறையாக மறைப்பதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும். முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் வலையைக் கொசுவம் வைத்து மடித்துத் தொங்கவிட்டுவிட்டேன். எங்கள் லெப்டினன்ட் ரஃபத், மீசை இன்னும் சரியாக முளைக்காத பிள்ளை, இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன சார்ஜென்ட், இது பீரங்கியா மணப்பொண்ணா? எதிரி இதைப் பாத்தா குண்டு போட மாட்டான், மொய் எழுதிட்டுப் போவான்" என்றார். தண்ணீர் வண்டி இரண்டு நாளைக்கு ஒரு தரம் வருகிறது, முகம் வழிப்பது மிச்சத் தேநீரில்தான், அதனால் எல்லோருக்கும் தாடை கொஞ்சம் பழுப்பாக இருக்கிறது. ரொட்டியில் மணல், அவித்த மொச்சையில் மணல், நேற்றுக் கொட்டாவி விட்டேன், அதிலும் மணல். ராத்திரிக் குளிர் எலும்பைக் கடிக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சமையல்காரன் பிஷாய் மினியா ஊர்க்காரன், கிறிஸ்தவன், அவனுக்கும் இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்பு, இறைச்சி தொடமாட்டான், அவன் பங்கு யாருக்குப் போகிறது என்று நீ கேட்க வேண்டாம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குத் தகர டப்பாவைத் தட்டி எங்களை எழுப்புகிறவனும் அவனே.

விஷயத்துக்கு வருகிறேன். நோன்பு பிறந்ததிலிருந்து எதிரி விமானம் தினமும் எங்கள் தலைக்கு மேல் வரும், தாழப் பறந்து எங்களைப் பார்க்கும், மதிக்காமல் போய்விடும். போய் மேட்டுக்குப் பின்னால் குண்டைக் கொட்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் மேட்டைத் திரும்பிப் பார்ப்பேன், ஷவ்கி அங்கே அல்லவா இருக்கிறான் என்று. நாங்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது, கேட்டால் சொல்லவும் மாட்டார்கள். பெயிண்ட் சரியில்லையோ என்று மறுபடி அடித்தேன், குழாயை நீட்டினேன், துணிக்கொடியில் என் சொந்த உள்ளாடைகளையே விரித்தேன், அதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாள் பகலில் பிஷாய் ஈர வைக்கோலைப் போட்டு அடுப்பைப் புகைய விட்டுக்கொண்டே, "அண்ணே, கேட்டா கோச்சுக்காதீங்க, நான் வேற மதம், தெரியாமத்தான் கேக்கறேன், ரமளான் மாசம் பகல் பன்னெண்டு மணிக்கு நம்ம பட்டாளத்துல எவன் அடுப்பு மூட்டுவான்?" என்றான். எனக்குச் சுரீர் என்றது. மூன்று வேளையும் முகாமில் புகை தெரிய வேண்டும் என்பது உத்தரவு, அது கோடையில் போட்ட உத்தரவு, அதை நாங்கள் வாயில் பச்சைத் தண்ணீர் படாமல், பசி மயக்கத்தோடு, மிக ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருந்தோம்! மேலே பறக்கிறவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாதா, பக்கத்து வீட்டுக்காரன் அல்லவா. இந்த ஒரு முகாம்தான் மத்தியானம் சமைக்கிறது, அப்படியானால் இது பொம்மை என்று கண்டுகொண்டான். லெப்டினன்டிடம் ஓடினேன். "உத்தரவுல மூணு வேளைன்னுதானே இருக்கு" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். "போட்டவரும் நோன்பு, வாங்கினவனும் நோன்பு, ஒருத்தனுக்கும் தோணலையே சார்ஜென்ட்!"

அன்றோடு மத்தியானப் புகை நின்றது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு அடுப்பு, சூரியன் இறங்க இறங்க ஆட்கள் தட்டோடு வரிசை, ஒருவன் மட்டும் மேற்கே பார்த்து நிற்க வேண்டும், இதெல்லாம் என் ஏற்பாடு. மூன்றாம் நாள் சூரியன் மறைந்து மஃரிப் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தார்கள். பதுங்குகுழியில் விழுந்ததுதான் தெரியும். என் பனைமரம் ஒன்று ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் ராவியா, நாற்பத்தொன்பது வயதில் பயந்து நடுங்கிக்கொண்டே கைதட்டியவன் உன் வாப்பாவாகத்தான் இருப்பான். பிஷாய் குழிக்குள்ளிருந்து, "போடு, இன்னும் போடு, அந்தப் பக்கம் மட்டும் போயிடாதே!" என்று கத்தினான், இரண்டு நாள் அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. மணல் ஒட்டிய பேரீச்சம்பழத்தால் குழிக்குள்ளேயே நோன்பு திறந்தோம். உயிர்ச்சேதம் இல்லை, என் உள்ளாடைகள்தான் வீரமரணம், உம்மாவிடம் புதிது அனுப்பச் சொல். அதற்குப் பிறகு மேட்டுக்குப் பின்னால் ஒரு குண்டும் விழவில்லை, எல்லாம் எங்களுக்கே. ஆகவே ஷவ்கி நலமாகத்தான் இருப்பான், அவனுக்கு வர வேண்டியதை மாமனார் வாங்கிக்கொண்டாயிற்று. இப்படி ஒரு சீர் எந்த மாமனார் செய்திருக்கிறான்?

நீ வேளைக்குச் சாப்பிடு. அழுதுகொண்டு நோன்பு திறக்காதே, தலை வலிக்கும். ஹமீதா அத்தைக்குப் பனைமர விஷயம் எழுதிவிடாதே, தன்தா முழுக்க மைக் கட்டிச் சொல்லிவிடுவாள். பெருநாளைக்கு உம்மாவுக்கு ஒரு வரியாவது போடு. அல்லாஹ் உன் கண்ணீரைத் துடைத்து, உன் வீட்டு வாசலில் உன் புருஷனைக் கொண்டுவந்து நிறுத்தட்டும். ஆமீன்.

உன் வாப்பா,
பயூமி,
பனைமரப் பீரங்கிப்படை.

மடித்த பிறகு எழுதுவது: கடிதம் வாங்க வந்த வண்டியிலேயே ஷவ்கி வந்து இறங்கினான்! கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன, என்னோடு நோன்பு திறந்துவிட்டு இப்போது பிஷாயின் இறைச்சிப் பங்கைத் தின்றுகொண்டிருக்கிறான். புகைக் கதை முழுக்கச் சொன்னேன். எலும்பைத் துப்பிவிட்டுச் சொல்கிறான்: "மேட்டுக்குப் பின்னாலயா? நோன்புப் பிறை பாத்த அன்னிக்கே அங்கேர்ந்து கிளம்பிட்டோமே மாமா. அங்க வெறும் குழிதான். தபால்காரனுக்குக்கூட எங்க புது இடத்தைச் சொல்லலை."