தையல் இல்லாத வைத்தியம்

என்னைத் திட்டுவதற்கென்றே போன் போடும் தனம் அக்காவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. மாமா இந்த வருடம் காட்டில் மல்லாட்டைக் கடலை போடவில்லை. "யாருக்குடா போடணும்?" என்கிறார்.

மார்பில் கட்டி எடுத்தபோது விக்கிரவாண்டியே உன் வீட்டில் இருந்தது, நினைவிருக்கிறதா? ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. தையல் பிரிக்கும் நாள் ஊருக்கே தெரியும். இரண்டு வருடம் கழித்துத் தலைக்குள் ஒரு கட்டி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாய். "இன்னொரு தபா கத்தி வாணாம்டா. என்னை வுட்டுடுங்க."

கத்தியே இல்லை என்றார் சென்னை டாக்டர். ரோபோ கை சுற்றி வந்து கட்டிக்கு மட்டும் குறி பார்த்துக் கதிர் பாய்ச்சும், மண்டையைத் திறக்க வேண்டாம் என்றார். தலை அசையாமலிருக்க உன் முகத்தின் அளவுக்கு வலைபோல ஒரு முகமூடி செய்தார்கள். மூன்று நாள் போய்ப் படுத்து எழுந்தாய். "அவ்ளோதானா? தூங்கியே பூட்டேன்டா" என்று சிரித்தாய். மூன்றாம் நாள் சாயங்காலமே ஊருக்குப் பஸ் ஏறினோம்.

காயமில்லை, கட்டு இல்லை, பிரிக்கத் தையலும் இல்லை. ஒருத்தரும் ரொட்டியோடு பார்க்க வரவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தோம். மூன்றாம் மாதம் ஸ்கேனுக்கு வரச் சொன்ன சீட்டு என்னிடம்தான் இருந்தது. அந்தத் தேதி அமாவாசையில் விழுந்தது. உனக்குக் குணமானால் மேல்மலையனூர் ஆத்தாளுக்கு அமாவாசையன்று பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு எப்படா போவணும்?" என்று கேட்டாய்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குக்கா" என்றேன்.

ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "நல்லா இருக்காங்க மேடம், காட்டு வேலையே பண்ணிக்கினு இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அறுவடை வந்தது, மழை வந்தது. சீட்டு நான் ஓட்டும் ஆட்டோவின் இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது.

நீ வாந்தியெடுத்து விழுந்த பிறகுதான் ஓடினோம். பழைய கட்டி சுருங்கிக் கிடக்கிறது, ஸ்கேனில் தெரிகிற இவையெல்லாம் புதிய கட்டிகள், அன்றே வந்திருந்தால் சின்னதிலேயே பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மாமா வெளியே நின்றிருந்தார். அவரிடம் நான் சொன்னது வேறு. "மெஷினுக்குக் கேக்கலையாம் மாமா."

உன்னிடமும் அதையே சொன்னேன். "நீ என்னடா பண்ணுவ, ஓடி ஓடிப் பார்த்தியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அக்கா, அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இப்போது எல்லோரும் என் பொய்யைத்தான் சொல்கிறார்கள். திண்டிவனத்தில் என் பக்கத்து வீட்டு வசந்தாவுக்கும் தலையில் கட்டி. அதே மெஷினுக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று வாசலில் நின்று சொன்னாள்: "நான் போவலண்ணா. உங்க அக்காவுக்கே கேக்கலியே. வூட்டோடவே கெடந்துடறேன்." அவள் பெண் ஐந்தாவது படிக்கிறாள். நான் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உன் தம்பி அவ்வளவு பெரிய கோழை.

இதை எழுதுவதால் நீ வரப்போவதில்லை. என்னை மன்னிப்பதற்கும் நீ இல்லை. உண்மை தெரிந்தால் மாமா என்னை வாசற்படி ஏறவிட மாட்டார், எனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே உறவு வீடு அது. ஆனாலும் நாளைக்குப் போய் அவரிடம் சொல்கிறேன். அங்கிருந்து நேராக வசந்தாவிடம் போகிறேன். "மெஷின் தோக்கலம்மா, எங்க அக்காவை நான்தான் கூட்டிக்கினு போவல" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

கடைசி வரை நீ நம்பிய உன் தம்பி,
சேகர்